வாடகை அண்ணன்

செப்டம்பர் 3, புதன்

எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஐம்பத்து நாலு வயதில் இன்று எனக்கு ஓர் அண்ணன் கிடைத்திருக்கிறார். அப்பா அம்மா உதவி இல்லாமல், வீட்டு புரோக்கர் தேவராஜ் மூலமாக.

அசோக் நகரில் என் பழைய ஃப்ளாட்டை இடித்துக் கட்டுகிறார்கள். இரண்டு வருடம் ஆகும் என்கிறார்கள், அதாவது நாலு. அதுவரை இருக்க இடம் தேடி நங்கநல்லூரில் நான் ஏறி இறங்காத மாடி இல்லை. கல்யாணம் ஆகாத பெண்மணி, தொழில் வாரப் பத்திரிகையில் நகைச்சுவைப் பத்தி எழுதுவது. இந்த இரண்டையும் கேட்ட பிறகு சாவியை எடுத்து நீட்டுகிற வீட்டுக்காரர் இன்னும் பிறக்கவில்லை. ஒருவர் மட்டும் கொஞ்சம் யோசித்தார். "காமெடின்னா... வீட்ல சத்தமா சிரிப்பேளா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

தேவராஜ்தான் வழி சொன்னார். "ஃபேமிலின்னா உடனே முடிச்சுடலாம் மேடம். இதே மாதிரி ஒரு ஜென்ட்ஸ் என்கூட சுத்திக்கிட்டிருக்காரு. சம்சாரம் தவறிட்டாங்க. தனி ஆளுன்னு அவருக்கும் யாரும் தரமாட்டேங்கறாங்க. ரெண்டு பெட்ரூம், ரெண்டு பாத்ரூம். அண்ணன் தங்கச்சின்னு சொல்லிடலாம்."

"சினிமால புருஷன் பொண்டாட்டின்னுதானேய்யா சொல்லுவாங்க?"

தேவராஜ் என்னைத் தலை முதல் கால் வரை ஒரு தடவை பார்த்தார். "நம்பணும்ல மேடம்."

அண்ணன் பெயர் நம்பிராஜன். அறுபத்தோரு வயது, திருநெல்வேலிப் பக்கம், தீயணைப்பு நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லோரும் தண்ணீர் வருமா என்று கேட்பார்கள். இவர், "மாடியிலேருந்து இறங்க ரெண்டாவது வழி இருக்கா?" என்று கேட்டார்.

கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரி வத்ஸலா மாமிக்கு எழுபது வயது. கணவர் புகைப்படத்தில், மகன் மெல்போர்னில், மகள் புனேயில். மாமி எங்கள் இருவர் பேச்சையும் மாறி மாறிக் கேட்டுவிட்டு, "கூடப் பொறந்தவான்னா பாஷை ஏன் இப்படி வித்தியாசமா இருக்கு?" என்றாள்.

"அண்ணாவைச் சின்ன வயசிலேயே திருநெல்வேலிக்குத் தத்துக் கொடுத்துட்டா மாமி."

எனக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது. நம்பிராஜன் என்னைத் திரும்பிப் பார்த்தார். மாமி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாவி கிடைத்துவிட்டது.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஒப்பந்தம்: மாடியில் எனக்கு அவர் "சார்", அவருக்கு நான் "மேடம்". மாமி காதில் விழும் தூரத்தில் "அண்ணா", "சாரு". என் முழுப் பெயர் சாருமதி.

எனக்கு அண்ணா சுலபமாக வருகிறது. அவருக்குத்தான் சிரமம். இன்று மாடிப்படியில் மாமி முன்னால் என்னை "தங்கச்சி மேடம்" என்று கூப்பிட்டார். திருநெல்வேலியில் மரியாதை அதிகம் என்று மாமியிடம் சமாளித்தேன்.

அவர் எழுந்திருப்பது காலை ஐந்துக்கு. நான் ஒன்பதுக்கு. அவர் தட்டு கழுவும் சத்தமே கேட்காது. நான் கழுவினால் கீழே மாமி, "என்னடி உடைஞ்சுது?" என்று குரல் கொடுப்பாள். அவர் வாய் திறந்தால் சிலிண்டர். "மேடம், ரெகுலேட்டரை மூடலியா?" "மேடம், கேஸ் வாடை அடிக்கி." ஊதுபத்தியை ஏற்றி வைத்துவிட்டு நான் குளிக்கப் போனால், வரும்போது அது தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தின் நடுவே தீவாந்தரக் கைதி மாதிரி நின்றுகொண்டிருக்கிறது.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று: மனிதர் சிரிப்பதில்லை.

இன்று என் பத்தி வெளியாகியிருந்தது. பல்செட்டோடு கல்யாண விருந்துக்குப் போன கதை. ஊரே சிரிக்கும். அவர் முதல் வரி முதல் கடைசி வரி வரை பஞ்சாயத்து நோட்டீஸ் படிப்பது போலப் படித்தார். மடித்து வைத்தார். "நல்லாருக்கு" என்றார்.

நல்லாருக்காம்! நானென்ன ரசமா வைத்தேன்?

செப்டம்பர் 17, புதன்

பாலைப் பொங்க விட்டேன். ஈரச்சாக்கோடு ஓடி வந்தார்.

செப்டம்பர் 26, வெள்ளி

பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். 'ஒரு கதவு ரெண்டு பூட்டு' படத்தைத் துடைத்து மெருகேற்றி மறுபடி வெளியிடுகிறார்களாம். பொங்கல் மலருக்கு அதைப் பற்றி நான் உருகி எழுத வேண்டுமாம். "காதல் பொங்கணும் மேடம்" என்றார். என் கையில் பால்தான் பொங்குகிறது என்று சொல்லவில்லை.

அந்தப் படம் என் உயிர். பதினைந்து வயதில் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுப் பார்த்தது. அச்சகத்தில் வேலை பார்க்கும் துடுக்கான இளைஞன், சிடுசிடுக்கும் டைப்பிஸ்ட் பெண். திருவல்லிக்கேணியில் ஒரே ஒரு அறை. புருஷன் பெண்டாட்டி என்று பொய் சொல்லிக் குடிவருவார்கள். அறை நடுவில் பழைய புடவையைத் திரையாகக் கட்டிக்கொள்வார்கள். இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன், நடுவில் ஓயாத சண்டை. கடைசியில் ரயில் கிளம்பும்போது அவள் ஓடுவாள், அவன் கை நீட்டுவான். கட்டினால் என்னைச் சிரிக்க வைக்கிறவனைத்தான் கட்டுவேன் என்று அன்றைக்குத் தியேட்டர் வாசலில், முறுக்கு வாயோடு சபதம் செய்தேன். அப்படி ஒருவனும் வரவில்லை. சரி, நாமே அந்த வேலையைப் பார்ப்போம் என்று எழுத வந்துவிட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

அண்ணன் ஞாயிறு மதியம் தோறும் "பழைய சிநேகிதர் ஒருத்தரைப் பாக்கப் போறேன்" என்று கிளம்புகிறார். மாமி வீட்டில் சைவம் மட்டும். திரும்பி வரும்போது வெற்றிலை போட்டு வாய் சிவந்திருக்கிறது. முகத்தில் ஒரு துறவியின் நிறைவு.

இன்று கேட்டுவிட்டேன். "சிநேகிதர் சௌக்கியமா சார்?"

"ம்."

"வறுத்து இருந்தாரா, குழம்புல இருந்தாரா?"

ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். "வறுத்து" என்றார். உள்ளே போய்விட்டார். அப்போதும் சிரிக்கவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. தீயணைப்பு அதிகாரியோடு தீபாவளி கொண்டாடுவது சாமியாரோடு தேனிலவு போவது மாதிரி.

வாசலில் இரண்டு வாளி தண்ணீர், இரண்டு வாளி மணல். தெருப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து, கம்பி மத்தாப்பை ஒட்டடைக் கம்பு நுனியில் கட்டிக் கொளுத்தச் சொன்னார். ஒரு வாண்டு, "அங்கிள், இதுக்கு நான் டிவியிலயே பாத்துக்கறேன்" என்றது. நான் பட்டுப்புடவையோடு புஸ்வாணம் வைக்கப் போனேன். "மேடம், தலைப்பு!" என்று தெருவே கேட்கக் கத்தினார். மாமி திரும்பிப் பார்த்தாள். "...தங்கச்சி" என்று சேர்த்துக்கொண்டார். அப்புறம் தானே குனிந்து, என் தலைப்பை எடுத்து என் இடுப்பில் செருகிக்கொள்ளும்படி கையில் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார். காது சிவந்திருந்தது. மத்தாப்பு வெளிச்சமாக இருக்கும்.

மாமியின் மகனும் மகளும் வீடியோ காலில் வந்து மாமியிடம் மட்டும் பேசினார்கள். இந்த வீட்டை யாருக்கு எழுதி வைப்பது என்பதில் தகராறாகி இரண்டு பேரும் மூன்று வருடமாகப் பேசுவதில்லையாம். மாமி போனை எங்கள் பக்கம் திருப்பி, "பாருங்கோ! பிரிஞ்சு வளர்ந்தவா, இந்த வயசுல எப்படிச் சேர்ந்திருக்கான்னு பாருங்கோ! தங்கை தலைப்புல நெருப்புப் பட்டுடுமோன்னு துடிச்சுப் போயிட்டார் அந்த மனுஷன்!" என்றாள்.

நாங்கள் இருவரும் கையசைத்தோம்.

நவம்பர் 8, சனி

சரித்திரத்தில் இடம்பெற வேண்டிய நாள். கட்டுரைக்காகப் படத்தை மறுபடி பார்க்க ஹாலில் உட்கார்ந்தேன். "என்ன படம்?" என்று நம்பிராஜன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பாட்டுச் சத்தம் கேட்டு மாமியும் ஏறி வந்துவிட்டாள், கையில் முறுக்கு டப்பாவோடு.

படம் எதைப் பற்றியது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்காரரை ஏமாற்றி உறவுமுறை சொல்லிக் குடிவந்த இரண்டு பேரைப் பற்றியது. நிறுத்தலாமா என்று ரிமோட்டைத் தேடினேன். அதன் மேல் மாமி உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டி சாரு, இந்த வீட்டுக்காரன் இவ்வளவு அசடா இருப்பானோ? பார்த்தாலே தெரியலையா, இவா ரெண்டு பேரும் ஆம்படையான் பொண்டாட்டி இல்லேன்னு?"

நான் முறுக்கைப் பார்த்தேன். நம்பிராஜன் மின்விசிறியைப் பார்த்தார்.

"என் கண்ணுல எல்லாம் மண்ணைத் தூவ முடியாது" என்றாள் மாமி. "என்ன நம்பி?"

"முடியாதும்மா" என்றார் அவர்.

பிறகு அந்தப் புகழ்பெற்ற மழைக் காட்சி வந்தது. வெளியே இடி. கதாநாயகி மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் டீ போட்டுக்கொண்டிருக்கிறாள். அவன் திரையின் அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ சொல்கிறான். அவள் சிரிக்கிறாள். மெல்ல எழுந்து வருகிறாள். திரை விலகுகிறது. வயலின். நாற்பது வருடமாக எனக்கு மயிர்க்கூச்செறியும் இடம். இன்றும் கூச்செறியத் தொடங்கியது.

"ஸ்டவ்வை அணைக்கலியே" என்றார் நம்பிராஜன்.

"சார்... அண்ணா, இது காதல் காட்சி."

"பம்ப் ஸ்டவ். புடவைத் திரைக்கும் அதுக்கும் நடுவுல ரெண்டடி கூட இல்ல. ஜன்னல் வேற திறந்து கிடக்கு, காத்து அடிக்கி."

"வயலினைக் கேளுங்களேன்!"

"வயலினா வந்து அணைக்கும்?"

மாமியும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். "அட ஆமாம்டி! டீ தீஞ்சே போயிருக்குமே!" பாட்டு முடிகிற வரை இருவரும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஸ்டவ்வையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காதலர்களை யாரும் சீந்தவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

தனியாக மறுபடி போட்டுப் பார்த்தேன். ஸ்டவ்தான் தெரிகிறது. அதை விடக் கொடுமை, கதாநாயகன் தெரிகிறான். இரண்டரை மணி நேரத்தில் அவன் ஒரு டம்ளரைக் கூடக் கழுவவில்லை. அவளுக்கு வந்த தபாலை ஒளித்து வைக்கிறான். அவள் ஜுரத்தில் கிடக்கும்போது கூரையில் ஏறிப் பாட்டுப் பாடுகிறான். இவனுக்காகவா நான் முறுக்கு வாயோடு சபதம் செய்தேன்?

நவம்பர் 22, சனி

மூன்று நாளாக ஜுரம். எழுத முடியவில்லை. யாரும் பாட்டுப் பாடவில்லை. கஞ்சி வந்தது, மாத்திரை வந்தது, வெந்நீர் வந்தது. கதவைத் தட்டிவிட்டு வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார். திறந்து பார்த்தால் டம்ளர் மட்டும்தான் நிற்கும். குட்டிச்சாத்தானோடு குடித்தனம் நடத்துவது போலிருந்தது.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். மாடிக் கைப்பிடிச் சுவர் முழுக்க அகல் வைத்தேன். சார் பின்னாலேயே ஈரச்சாக்கோடு வந்தார். காற்றில் ஒரு விளக்கு சாய்ந்தால் பதறிப் போய் நிமிர்த்துவார். கடைசியில் சுவரோரம் நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். நானும் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டேன்.

"எங்க வீட்டுல அவ இருக்கையில நான் கார்த்திகைக்கு வீட்டுல இருந்ததே இல்ல" என்றார். "எப்பவும் டியூட்டி. ஊர் பூரா விளக்கு வைக்கும்லா. என் வீட்டு விளக்கை நான் பாத்ததில்ல."

"எண்ணெய் போதுமா பாருங்க" என்றேன்.

எழுந்துபோய் எல்லா அகலிலும் எண்ணெய் விட்டார். உட்கார்ந்தார். பிறகு விளக்கைப் பார்த்துக்கொண்டே, "பொண்ணு ஓசூருக்கு வரச் சொல்லுதா. பொங்கல் கழிச்சு அங்க போயிரலாம்னு இருக்கேன்" என்றார். மகள் பெயர் பூங்கொடி. அங்கே ஏதோ கம்பெனியில் வேலை. அதற்கு மேல் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் பங்கு வாடகையை ஒன்றாம் தேதி கொடுத்துவிடுவார் என்பதுதான்.

"நல்லதாப் போச்சு" என்றேன்.

"நல்லதா?"

"பொண்ணோட இருக்கறது நல்லதுதானே?"

"ஆமா. நல்லதுதான்."

விளக்கெல்லாம் எரிந்து முடியும் வரை உட்கார்ந்திருந்தோம். கொசு அதிகம்.

டிசம்பர் 4, வியாழன்

அருமையான செய்தி. இனி ஒன்பது மணி வரை நிம்மதியாகத் தூங்கலாம். ஊதுபத்தி தன் இஷ்டத்துக்கு எரியலாம். சிலிண்டர், ரெகுலேட்டர் என்ற சொற்களையே நான் கேட்க வேண்டாம். அண்ணன் ஊருக்குப் போயிருக்கிறார் என்று மாமியிடம் சொல்லிக்கொண்டு முழு வீட்டையும் ஆளலாம்.

சந்தோஷத்தில் மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

கட்டுரையை அனுப்பியிருந்தேன். ஆசிரியர் பதறியடித்துக்கொண்டு கூப்பிட்டார்.

"மேடம், காதல் பொங்கணும்னு கேட்டேன். நீங்க பாதிக் கட்டுரை ஸ்டவ்வைப் பத்தி எழுதியிருக்கீங்க!"

"அதுதான் சார் படத்தோட மையம்."

"'ரயில் பின்னால் ஓடுவதற்கு முன் அந்தப் பெண் யோசித்திருக்க வேண்டும்: வசனம் பேசுகிறவன் நூறு பேர் கிடைப்பான், அடுப்பை அணைக்கிறவன் கிடைப்பானா?' இதென்ன மேடம்? வாசகர்கள் அந்த ஹீரோவுக்கு இன்னும் கோயில் கட்டுறாங்க!"

"கட்டட்டும். சூடத்தை அணைக்க ஆள் வெச்சுக்கச் சொல்லுங்க."

அவர் குரலைத் தாழ்த்தி, "மேடம், வீட்ல எல்லாம் சௌக்கியம்தானே?" என்றார். வீட்டில் என்ன? நான் இருக்கிறேன், அடுப்பு இருக்கிறது.

ஜனவரி 10, சனி

மாமி மாடி ஏறி வந்தாள். கனுப் பொங்கலன்று மொட்டை மாடியில் நானும் அவளோடு சேர்ந்து கனுப்பிடி வைக்க வேண்டுமாம். பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலை, மஞ்சள் இலையில் மஞ்சள் சாதம், சிவப்புச் சாதம், தயிர் சாதம் என்று உருட்டி வைத்து, கூடப் பிறந்த ஆண்பிள்ளைகள் பெயரைச் சொல்லி, அவர்கள் குடும்பம் காக்கைக் கூட்டம் போல் பிரியாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது. நான் வருடா வருடம் தப்பாமல் செய்கிறதுதான், ஜன்னல் விளிம்பில், மஸ்கட்டில் இருக்கும் என் சொந்த அண்ணன் சம்பத்துக்காக.

"எனக்கு நாலு பேர், நாலும் நாலு ஊர்ல. நோக்குத்தான் கொடுத்து வெச்சிருக்கு, அண்ணா கூடவே இருக்கார்" என்றாள் மாமி. "அவரையும் மாடிக்கு வரச் சொல்லு. கண்ணெதிர நிக்க வெச்சு வேண்டிண்டா பலன் ஜாஸ்தி. அப்புறம்தான் ஓசூருக்கோ எங்கேயோ போகட்டும்."

நம்பிராஜனுக்குப் பஸ் பதினெட்டாம் தேதி காலையில். கனு பதினாறில். அவரிடம் சொன்னேன். "நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

"நிக்கணும். நான் உங்களை அண்ணன்னு சொல்லிக் காக்காய்க்குச் சாதம் வைப்பேன்."

"அவ்வளவுதானே" என்றார். அவ்வளவுதான்.

ஜனவரி 16, வெள்ளி

அவ்வளவுதான் இல்லை.

விடியற்காலை. தலை வாராமல், பல் மட்டும் தேய்த்துக்கொண்டு, தட்டோடு மாடிக்குப் போனேன். அக்கம்பக்கத்து மாடிகளிலெல்லாம் பெண்கள். கைப்பிடிச் சுவரில் காக்கைகள் ஏற்கெனவே பந்திக்கு வந்துவிட்டன. நம்பிராஜன் வெளுத்த சட்டை போட்டு, கொடியேற்றத்துக்கு நிற்பது போல விறைப்பாகத் தண்ணீர்த் தொட்டியோரம் நின்றார்.

மாமி கடகடவென்று நாலு சகோதரர்கள் பெயரையும் சொல்லி வைத்து முடித்துவிட்டாள். "ம், நீ சொல்லு."

மஞ்சள் சாத உருண்டையைக் கையில் எடுத்தேன். எதிரே அவர். என் அண்ணா நம்பிராஜன் நன்றாக இருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். ஆறு வார்த்தை. நாலரை மாதமாக மாமியிடம் சளைக்காமல் சொல்லி வருகிற பொய். தத்துக் கொடுத்த கதையை அவிழ்த்துவிட்ட வாய் இது. திறந்தது. ஒன்றும் வரவில்லை.

இதில் ஒன்றும் விசேஷமில்லை. காக்கையிடம் பொய் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். மனிதர்களைப் போல அவை சட்டென்று மறக்காது என்று எங்கோ படித்திருக்கிறேன்.

"என்னடி முழிக்கறே? அண்ணா பேரைச் சொல்லி வை!"

"எங்கண்ணா..." என்றேன். "எங்கண்ணா சம்பத் நன்னா இருக்கணும்."

உருண்டை இலையில் விழுந்தது. ஒரு காக்கை உடனே எடுத்துக்கொண்டது. பதிவாகிவிட்டது.

"சம்பத்தா?" என்றாள் மாமி. "யாருடி அது சம்பத்து?"

"எங்கண்ணா மாமி. மஸ்கட்ல இருக்கான்."

"அப்போ இவர்?"

மாமியின் விரல் அவரைச் சுட்டியது. அவர் துறையின் மேலதிகாரி கேள்வி கேட்டது போல இன்னும் விறைப்பானார்.

"நான் வாடகைக்கு இருக்கேம்மா" என்றார்.

பக்கத்து மாடியில் கரும்பு கடித்துக்கொண்டிருந்த பெண் கடிப்பதை நிறுத்தினாள். அப்போது ஒரு சத்தம் கேட்டது. முதலில் அடித்தொண்டையில், ஏதோ வண்டி கிளம்புவது போல. பிறகு மெல்ல மெல்ல உயர்ந்தது. தீயணைப்பு வண்டி சைரன் அப்படித்தான் ஏறும். நம்பிராஜன் சிரித்தார். தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண்ணில் தண்ணீர் வழிய, "சம்பத்து!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். காக்கையெல்லாம் பறந்துவிட்டன. என் இருபது வருடப் பத்தி செய்யாததை மஸ்கட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் என் அசட்டு அண்ணன் பெயர் செய்துவிட்டது.

நானும் சிரித்தேன் போலிருக்கிறது. மாமி மட்டும் சிரிக்கவில்லை. படிக்கட்டில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"பாவிகளா! உங்களைக் காட்டிக் காட்டித்தானே எம் பிள்ளையையும் பொண்ணையும் வழிக்குக் கொண்டுவந்தேன்! மூணு வருஷம் கழிச்சு நேத்திக்குத்தான் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசித்து! 'அந்த நம்பி மாமாவும் சாரு மாமியும் இருக்கற மாதிரி இருப்போம்'னு வேற சொல்லித்து!"

மன்னிப்புக் கேட்டோம். இருவரும் ஒரே நேரத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. வேறு வீடு பார்த்துக்கொள்கிறோம் என்றேன் நான்.

மாமி எங்களை மாறி மாறிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "வீடு எல்லாம் ஒண்ணும் பார்க்க வேண்டாம். இங்க நீங்க என்னவா வேணாலும் இருந்துக்கோங்கோ. மெல்போர்னுக்கும் புனேக்கும் அண்ணா தங்கை. புரிஞ்சுதா? போய்க் குளிங்கோ."

என்னவாக வேண்டுமானாலும் என்றால் என்ன அர்த்தம்? மாமிக்கு வயதாகிவிட்டது.

ஜனவரி 17, சனி

அவர் பெட்டி கட்டினார். நான் அடுப்பை மூன்று முறை அணைக்க மறந்தேன். ஞாபக மறதி அதிகமாகிக்கொண்டே போகிறது. மூன்று முறையும் வந்து அணைத்தார். மறுபடி பெட்டி கட்டப் போனார்.

ஜனவரி 18, ஞாயிறு

காலையில் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து ஹாலில் பேப்பரை விரித்தேன்.

"மேடம், பால் வெச்சிருக்கீங்க."

"தெரியும்."

"பொங்கப் போவுது."

"பொங்கட்டும்."

"ரெகுலேட்டர்..."

"திறந்துதான் இருக்கு. நீங்க கிளம்புங்க சார். பஸ் போயிடும்."

ஒரு ஷூ காலில், ஒரு ஷூ கையில். சமையலறையைப் பார்க்கிறார், வாசலைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். நான் பேப்பரில் வரன் தேவை விளம்பரங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். உஸ்ஸென்று பால் பொங்கும் சத்தம். ஒற்றை ஷூவோடு டொக் டொக்கென்று உள்ளே ஓடினார். அணைத்தார். துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். திரும்பி வந்து என் எதிரே நின்றார்.

"இப்பிடி ஒரு ஆளைத் தனியா விட்டுட்டு நான் எப்பிடிப் போவேன்? முப்பத்தாறு வருஷம் சர்வீஸ் பாத்தவன். என் மனசாட்சி கேக்குமா?"

"உங்க மனசாட்சிக்கு எத்தனை மணிக்கு பஸ்?"

கடிகாரத்தைப் பார்த்தார். "போயிருக்கும்."

"அடடா."

"ஆமா" என்றார். உட்கார்ந்து இன்னொரு ஷூவையும் கழற்றினார். மிச்சமிருந்த பாலில் இரண்டு டம்ளர் காபி வந்தது. அவர்தான் போட்டார். ஒன்றை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, "சாரு" என்றார்.

மாமி பக்கத்தில் இல்லை. ஒப்பந்தப்படி இது தவறு. சுட்டிக்காட்ட மறந்துவிட்டேன். ஞாபக மறதி.

ஜனவரி 25, ஞாயிறு

பூங்கொடி நாளைய விடுமுறையையும் சேர்த்துக்கொண்டு அப்பாவைப் பார்க்க வந்திருக்கிறாள். நல்ல பெண், கலகலவென்று பேசுகிறாள். அப்பாவை அழைத்தும் வரவிடாமல் நான் பிடித்து வைத்துக்கொண்டதாக நினைத்துவிடப் போகிறாளே என்று எனக்கு உள்ளூர உதைப்பு. வாழைப்பூ வடை செய்து போட்டேன். அவள் இரண்டாவது வடையை எடுக்கும்போது மெதுவாக, "உன் வீட்ல அப்பாவுக்குத் தனி ரூம் இருக்கா கண்ணா?" என்று கேட்டேன்.

நம்பிராஜன் சட்டென்று எழுந்து, சிலிண்டரைப் பார்க்கச் சமையலறைக்குள் போய்விட்டார்.

ஓசூரில் பூங்கொடி மூன்று வருடமாக இருப்பது பெண்கள் விடுதியில். ஆண்களுக்கு கேட் வரைதான் அனுமதி.